நூற்றுக்கு நூறு: எம்சி4ஆர் மரபணுவும் கட்டுமீறிய உண்ணலும் குறித்த 2003-ஆம் ஆண்டு முடிவின் மறுவாசிப்பு

மனிதர்களின் நடத்தையை அளக்கும் ஆய்வுகளில் நூறு விழுக்காடு என்ற எண் அபூர்வமாகவே கிடைக்கும். கிடைத்தால் அதை முதலில் ஐயத்தோடு பார்ப்பதே முறை. 2003 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு அப்படியோர் எண்ணை முன்வைத்தது. பசியை அடக்கும் மெலனோகார்ட்டின்-4 ஏற்பியை உருவாக்கும் மரபணுவில், அதாவது எம்சி4ஆரில், பிறழ்வு கொண்டவர்கள் ஒருவர் விடாமல் எல்லோருமே கட்டுமீறி உண்பவர்கள் என்றது அது. பிறழ்வு இல்லாத, அதே அளவு பருமனான நோயாளிகளில் இந்தப் பழக்கம் 14.2 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. இரு எண்களுக்கும் இடையிலான இந்தப் பள்ளம் அன்று பலரை வியக்கவைத்தது. எனக்கு அந்தப் பள்ளமே சிக்கலின் முதல் தடயமாகத் தோன்றுகிறது.

இந்த ஆய்வைப் பற்றி இருபதாண்டுகளாக இரண்டு விதமான பேச்சு நடந்துவருகிறது. ஒரு சாரார் முடிவை ஏற்று, எம்சி4ஆரை ஒரு நடத்தையின் மரபணுவாகவே எழுதிவிட்டார்கள். மறுசாரார் முடிவை மறுத்தார்கள். பிறழ்வு என்று எண்ணப்பட்டவற்றில் பல, ஏற்பியின் வேலையைக் கெடுக்காத நடுநிலை வடிவங்கள் என்றும், அவற்றைச் சேர்த்ததால் கணக்கு நீர்த்துப்போனது என்றும் சொன்னார்கள். நான் மறுத்தவர்களின் பக்கம்தான். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் போதாது என்பதோடு, ஒரு வகையில் அது தவறும்கூட என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வடிவங்கள் நடுநிலையானவை அல்ல, எதிர்த்திசையில் இழுப்பவை. இதை ஒப்புக்கொண்டால் 2003-இன் முடிவில் நாம் காண்பது நீர்த்துப்போன ஓர் உண்மையல்ல, தன்னைத்தானே மறுக்கும் ஒரு கணக்கு.

ஆய்வின் கட்டமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடுமையான பருமன் கொண்ட வெள்ளையர் 469 பேர். அவர்களில் 370 பேர் பெண்கள், 99 பேர் ஆண்கள். சராசரி வயது 41, சராசரி பி.எம்.ஐ. 44.1. ஒப்பீட்டுக்காக இயல்பு எடையுள்ள 25 பேர். பத்தியம் இருந்த வரலாறோ பருமனான குடும்பமோ இல்லாதவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எம்சி4ஆரின் புரதக்குறிப் பகுதி முழுவதும் வரிசைப்படுத்தப்பட்டது. பருமனானவர்களில் 24 பேரிடம், அதாவது 5.1 விழுக்காட்டினரிடம், பிறழ்வு காணப்பட்டது. அந்த 24 பேரில் 20 பேரை வயது, பால், பி.எம்.ஐ. மூன்றும் பொருந்தும் 120 பேரோடு இணைவைத்து ஒப்பிட்டார்கள். 14.2 விழுக்காடு என்பது இந்த 120 பேரில் 17 பேர்.

முழுப் பகுதியையும் வரிசைப்படுத்தியது அன்றைக்குப் பெரிய உழைப்பு. உண்ணும் பழக்கத்தோடு ஓய்வுநிலை ஆற்றல் செலவு, உணவுக்குப் பின்னான வெப்பப் பெருக்கம், லெப்டின் என்ற ஹார்மோனின் அளவு எல்லாவற்றையும் சேர்த்தே அளந்தார்கள். குறை உழைப்பில் இல்லை, ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் ‘பிறழ்வு’.

தமிழில் பிறழ்வு என்று சொல்லும்போதே ஏதோ கெட்டுப்போனது என்ற பொருள் கூடவே வந்துவிடுகிறது. மரபணுவியலர்களின் பேச்சிலும் அந்த நிழல் உண்டு. ஆனால் வரிசைப்படுத்தும் கருவி காட்டுவது எழுத்து வேறுபாட்டை மட்டுமே. புரதத்தின் 103-ஆம் இடத்தில் வேலினுக்குப் பதிலாக ஐசோலூசின், 251-ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதிலாக லூசின், 112-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதிலாக மெத்தியோனின் என்று அது சொல்லும். இவற்றால் ஏற்பி கெட்டதா, மேம்பட்டதா, ஒன்றும் ஆகவில்லையா என்று சொல்லாது. 2003-இன் பட்டியலில் இம்மூன்றும், ஏற்பியை உண்மையிலேயே முடக்கும் மாற்றங்களும், ஒரே தலைப்பின்கீழ் எண்ணப்பட்டன. இவற்றில் 103-ஆம் இட மாறுவடிவம் புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. 1997-லேயே ‘டயபெட்டோலாஜியா’ இதழில் பிரித்தானிய ஆண்களிடம் அது விவரிக்கப்பட்டு, பருமனோடு தொடர்பில்லாதது என்று பதிவாகியிருந்தது. எம்சி4ஆர் பிறழ்வால் மனிதருக்குப் பருமன் உண்டாகிறது என்று பிரான்சிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் முதன்முதலாக எழுதப்பட்ட 1998-க்கும் முந்தைய செய்தி அது.

இந்த மாறுவடிவங்கள் எவ்வளவு பரவலானவை என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஐரோப்பிய வழியினரில் 103-ஆம் இட வடிவத்தைச் சுமப்பவர்கள் நூற்றுக்கு 2 முதல் 4 பேர். 251-ஆம் இட வடிவத்தைச் சுமப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர். யாரையும் எடையைக் கொண்டு தேர்ந்தெடுக்காமல் தெருவில் போகும் 469 பேரை வரிசைப்படுத்தினாலே இவ்விரு வடிவங்களால் மட்டும் 14 முதல் 28 பேர் வரை ‘பிறழ்வாளர்’ ஆகிவிடுவார்கள். ஆய்வில் கிடைத்தது 24. இந்தக் கணக்கு எதையும் நிறுவிவிடாது. அந்த 24 பேரில் முடக்கும் மாற்றம் கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் 5.1 விழுக்காடு என்ற எண்ணைப் பருமன் நோயாளிகளின் சிறப்பு அடையாளமாக வாசிக்க முடியாது என்பதை அது காட்டுகிறது. வேலை கெட்ட வடிவங்களை மட்டும் எண்ணிய பிற்காலப் பிரெஞ்சு ஆய்வில், கடும் பருமன் கொண்ட வயதுவந்தோர் 769 பேரில் கிடைத்தது சுமார் 2.6 விழுக்காடு, ஏறத்தாழப் பாதி.

இதைவிடக் கூர்மையான எண் 2003 ஆய்வின் உள்ளேயே இருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவின் 25 ஒல்லியானவர்களில் ஒருவரிடம் பிறழ்வு இருந்தது: 4 விழுக்காடு. பருமனானவர்களில் 5.1, ஒல்லியானவர்களில் 4. இருபத்தைந்து பேரில் ஒருவர் என்பதை வைத்துக்கொண்டு எந்தப் புள்ளியியலாளரும் வாதாட மாட்டார், நானும் வாதாடவில்லை. பருமனை உண்டாக்கும் பிறழ்வு என்று ஒன்றை அழைத்துவிட்டு, அது ஒல்லியானவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவில் தென்படும்போது அந்த அழைப்பையே மறுபடி யோசித்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

மறுத்தவர்கள் சொன்ன ‘நீர்த்தல்’ வாதத்தை இனி அதன் சொந்த விதிப்படியே சோதிக்கலாம். நடுநிலை வடிவங்கள் கலந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும்? நடுநிலை வடிவம் கொண்டவர் பிறழ்வே இல்லாதவருக்குச் சமம். அப்படிப்பட்டவர்களிடம் கட்டுமீறிய உண்ணல் 14.2 விழுக்காட்டு அளவிலேயே இருக்க வேண்டும். கலவையில் மொத்த எண் நூறிலிருந்து கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. 24 பேரில் ஐந்தே ஐந்து பேர் நடுநிலை வடிவம் கொண்டவர்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்த ஐவரும் தற்செயலாகக் கட்டுமீறி உண்பவர்களாகவே அமைவதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஆறு. பத்துப் பேர் என்றால் நூறு கோடியில் மூன்று. ஒவ்வொருவரும் தனித்தனி, உறவினர் அல்லர் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. அனுமானத்தைத் தளர்த்தினால் எண் மாறும், ஆனால் அதன் பொருள் மாறாது. நீர்த்தல் நடந்திருந்தால் நூறு வந்திருக்காது. நூறு வந்திருப்பதால், அந்த எண்ணை உண்டாக்கியது ஏற்பியின் செயல்பாடு அல்ல. அது எதனால் உண்டானது என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. ஊகம் இந்த வாதத்துக்குத் தேவையும் இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் மறுத்தவர்களின் வாதத்துக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்தவனாக மட்டும் இருந்திருப்பேன். ஆனால் 2004 முதல் செய்தி வேறு திசையில் போயிற்று. ஜெர்மானியக் குழு ஒன்று 7,713 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 103-ஆம் இட வடிவம் பருமனானவர்களிடம் குறைவாகவே இருந்தது. நடுநிலை என்று பெயர் வாங்கிய ஒன்று, மெல்லியதாயினும், பருமனுக்கு எதிராக நின்றது. மறு ஆண்டு 7,937 பேரைக் கொண்ட மக்கள்தொகை ஆய்வு அதே வடிவத்தைச் சுமப்பவர்களின் பி.எம்.ஐ. சராசரியாக 0.52 குறைவு என்றது. 2007-இல் 251-ஆம் இட வடிவமும் இதே பக்கம் சேர்ந்தது; 16,797 பேரின் தரவில் பருமனாவதற்கான வாய்ப்பை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அந்த ஆய்வாளர்கள் எம்சி4ஆரை இருமுகம் கொண்ட ரோமானியக் கடவுள் ஜேனஸுக்கு ஒப்பிட்டதில் மிகை இல்லை.

நடுநிலை என்ற பெயர் எப்படி வந்தது என்பதும் பேச வேண்டிய விஷயம். ஆய்வகத்தில் ஏற்பியின் வேலையை அளக்க அன்று நம்பியிருந்தது ஒரே வழியை: ஆல்ஃபா-எம்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் வந்து ஏற்பியில் ஒட்டும்போது உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. எவ்வளவு பெருகுகிறது என்று பார்ப்பது. அந்த அளவுகோலில் 103-ஆம் இட வடிவம் சாதாரண ஏற்பியைப் போலவே நடந்துகொண்டது. கட்டுமீறி உண்பவர்களிடம் காணப்பட்டதாகச் சொல்லப்பட்ட வேறு சில வடிவங்களை 2005-இல் இதே முறையில் சோதித்தபோது, 112-ஆம் இட வடிவம் உட்பட அவற்றில் பெரிதாகச் சொல்லத்தக்க குறை எதுவும் தென்படவில்லை. அளவுகோல் காட்டிய வரையில் அது சரி. ஆனால் ஏற்பி ஒரே மொழியில் மட்டும் பேசுவதில்லை. பீட்டா-அரெஸ்டின் என்ற புரதத்தைத் தன்னருகே இழுத்து, வேறொரு தொடர்வினையையும் அது கிளப்புகிறது. 2019-இல் ‘செல்’ இதழில், யு.கே. பயோபேங்கின் ஐந்து லட்சம் பேரிடம் கண்ட 61 எம்சி4ஆர் மாறுவடிவங்களை ஒவ்வொன்றாக ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் பி.எம்.ஐ.-க்கும் இடையிலான தொடர்பின் வேறுபாட்டில் 88 விழுக்காட்டை பீட்டா-அரெஸ்டினை இழுக்கும் திறன் விளக்கியது, சைக்ளிக் ஏ.எம்.பி. அப்படி விளக்கவில்லை. பெரும்பாலான வடிவங்கள் ஏற்பியை முடக்கின. சில அதை முடுக்கின. முடுக்கியவற்றில் 103, 251 இரண்டும் உண்டு. அவற்றைச் சுமந்தவர்களிடம் பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, இதயநாள நோய் மூன்றும் குறைவு. பிரிட்டனில் நூற்றுக்கு ஆறு பேர் இப்படி ஒன்றைச் சுமக்கிறார்கள்.

2003-இன் பட்டியலை இதன்பின் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஏற்பியை முடக்கும் வடிவம் கொண்டவர் ஒருபுறம். அதை முடுக்கும் வடிவம் கொண்டவர் மறுபுறம். பசியைப் பொறுத்தவரை ஒருவர் மேட்டில் ஏறுகிறார், மற்றவர் பள்ளத்தில் இறங்குகிறார். ஆய்வோ இருவரையும் ஒரே பெட்டியில் போட்டு, இருவரும் ஒரே நடத்தையை நூறு விழுக்காடு காட்டுவதாகச் சொல்கிறது. நேரெதிரான இரு காரணங்கள் ஒரே விளைவை ஒரே அளவில் தந்தால் அந்த விளைவு அக்காரணங்களால் வந்ததல்ல. இதில் நடுநிலை வடிவம் என்ற ஒதுங்குமிடமே இல்லை. ஆகவே ‘முடிவு மிகைப்படுத்தப்பட்டது, ஆனால் அடியில் ஓர் உண்மை இருக்கலாம்’ என்ற சமரசம் எனக்கு ஏற்புடையதல்ல.

ஒரு மறுப்பை மட்டும் நின்று கேட்க வேண்டும். மக்கள்தொகையில் ஒரு வடிவம் காப்பாகச் செயல்படலாம். ஆனால் ஏற்கெனவே 44 பி.எம்.ஐ.-க்குப் போய்விட்டவரிடம் அதே வடிவம் வேறாகச் செயல்படாதா? கோட்பாட்டளவில் இயலும். காப்பையும் மீறிப் பருமனானவர்கள் தனி வகையினராக இருக்கலாம். நல்வாய்ப்பாக இதற்கு நேரான சான்று உண்டு. எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளிடமே 251-ஆம் இட வடிவத்தை 2011-இல் பார்த்தார்கள். அதைச் சுமந்தவர்களின் வளர்சிதை நிலை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. அறுவைக்குப் பின் அவர்கள் கூடுதலாகவே இளைத்தார்கள். கடும் பருமனுக்குள்ளும் காப்பு காப்பாகவே இருந்தது. இதற்கு மேலும் அந்த மறுப்பை இழுத்துக்கொண்டு போக வழியிருப்பதாக நான் நினைக்கவில்லை.

லெப்டின் ஏற்பியை முன்வைத்து எழும் வாதமும் உண்டு. அதே ஆய்வில் லெப்டின் ஏற்பியின் மாற்றங்கள் உண்ணும் பழக்கத்தோடு எந்தத் தொடர்பும் காட்டவில்லை. அளவீட்டிலேயே சாய்வு இருந்திருந்தால் அங்கும் தெரிந்திருக்குமே என்பார்கள். ஓரிடத்தில் வழுக்கவில்லை என்பதால் எல்லா இடத்திலும் தரை காய்ந்திருக்கிறது என்றாகிவிடாது. இனவழி வேறுபாடு, மாதிரியில் பெண்களின் மிகுதி போன்றவற்றை நான் பொருட்படுத்தவில்லை. அவை எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் எதிரெதிர்த் திசைகளை ஒன்றாக்கிவிட மாட்டா.

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். ‘கட்டுமீறிய உண்ணல்’ என்று நான் மொழிபெயர்க்கும் நிலை, அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில் மேலும் ஆராயத்தக்கது என்ற பிற்சேர்க்கைப் பட்டியலில்தான் இருந்தது. தனி நோயாக இடம்பெற்றது 2013-இல். அதன் வரையறைக்கு இரண்டு கால்கள். குறுகிய நேரத்தில் வழக்கத்தை மீறிய அளவு உண்பது ஒன்று; உண்ணும்போது தன் வசத்தில் தான் இல்லை என்று உணர்வது மற்றொன்று. இரண்டாவது கால் முழுக்க முழுக்க உண்பவரின் தன்னுணர்வின் மேல் நிற்கிறது. நோயாளி சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

தமிழ் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. பெருந்தீனி என்பது ஒருவரின் பழக்கத்தின் மேல் வைக்கும் பழி. யானைத்தீ என்பது நோய். மணிமேகலையில் வரும் காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கனியும் நாவற்பழத்தைக் காலால் சிதைத்ததற்காக முனிவரின் சாபத்துக்கு ஆளாகி, எவ்வளவு உண்டாலும் தீராத பசியோடு அலைகிறாள். அவளைப் பெருந்தீனிக்காரி என்று காப்பியம் எங்கும் இகழவில்லை. பசிப்பிணியாளர் வரிசையிலேயே நிறுத்துகிறது. சாபத்துக்குப் பதிலாக ஏற்பியை வைத்தால் இன்றைய மருத்துவர் செய்ய வேண்டிய பாகுபாடும் அதுவே. பசி அளக்கத்தக்கது, கட்டுமீறல் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலம். 2003-இன் ஆய்வு முதலாவதை அளக்கப் புறப்பட்டு இரண்டாவதைப் பதிவுசெய்தது.

அளப்பது எப்படி என்பதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. அதே இதழின் அதே எண்ணில் பக்கத்திலேயே வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு போதும். சிறுவயதிலேயே கடும் பருமனான 500 பேரில் 29 பேரிடம், அதாவது 5.8 விழுக்காட்டினரிடம், அவர்கள் எம்சி4ஆர் பிறழ்வைக் கண்டார்கள். 23 பேரிடம் ஒரு பிரதியில், 6 பேரிடம் இரண்டிலும். பிறகு யாரையும் எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. இரவு பட்டினிக்குப் பின் காலையில் 18 மெகாஜூல், ஏறத்தாழ 4,300 கிலோகலோரி அளவு உணவைப் பரப்பிவைத்து, வேண்டிய மட்டும் உண்ணச் சொல்லி, மீதத்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஏற்பி முற்றாக முடங்கியவர்கள் அதிகம் உண்டார்கள். பாதி முடங்கியவர்கள் அவர்களைவிடக் குறைவாக. லெப்டினே சுரக்காதவர்களின் அளவுக்கு இருவருமே போகவில்லை. ஏற்பியின் பழுதுக்கும் தட்டில் குறைந்த உணவுக்கும் இடையே ஒரு படிக்கட்டு தெரிந்தது. 24-க்கு 24 என்ற கணக்கில் படிக்கட்டே இல்லை, ஒரே சுவர்தான். குழந்தைப் பருவத்தில் உச்சத்தில் இருக்கும் இந்தப் பசி வயது ஏற ஏறத் தணிகிறது என்பதும் அதே ஆய்வின் செய்தி. சராசரி வயது 41 கொண்ட குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருமே உச்சத்தில் இருப்பது எப்படி?

2016-இல் இதே ஊரில் நடந்த இன்னொரு சோதனை நம் வாசகர்களுக்குச் சிறு புன்னகையைத் தரக்கூடும். அதில் பரிமாறியது கோழிக் குருமா. பார்வையிலும் சுவையிலும் ஒன்றுபோலவே இருந்து, கொழுப்பின் அளவில் மட்டும் மாறுபட்ட மூன்று குருமாக்கள். ஒல்லியானவர் 20 பேர், பருமனானவர் 20 பேர், எம்சி4ஆர் குறைபாடு உள்ளவர் 14 பேர். மொத்த உணவின் அளவில் மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கொழுப்பு மிகுந்த குருமாவைக் குறைபாடு உள்ளவர்கள் ஒல்லியானவர்களைக் காட்டிலும் 95 விழுக்காடும், மற்றப் பருமனானவர்களைக் காட்டிலும் 65 விழுக்காடும் அதிகம் உண்டார்கள். இனிப்பில் அவர்களின் நாட்டம் தலைகீழ்: சர்க்கரை கூடிய பண்டத்தை மற்றவர்களைவிடக் குறைவாகவே விரும்பினார்கள். அவர்கள் கட்டுமீறி உண்ணவில்லை, வேறாகத் தேர்ந்தார்கள். எந்தக் குருமாவில் கொழுப்பு அதிகம் என்று அவர்களுக்கே தெரியாத நிலையில் ‘கட்டுப்பாட்டை இழந்தீர்களா’ என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும்?

மெக்சிகோவின் இருட்டுக் குகைகளில் வாழும் குருட்டு மீனிடமும் எம்சி4ஆர் வேலை குன்றிய வடிவம் உண்டு என்று 2015-இல் காட்டினார்கள். உணவு எப்போதாவதுதான் கிடைக்கும் குகையில் அது மீனின் பசியைக் கூட்டிப் பட்டினியைத் தாங்கவைக்கிறது. மீன் தன் நடத்தையைப் பற்றி வாக்குமூலம் தராது என்பது இந்த ஆய்வுக்கு ஒரு வசதி.

நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. வேலை கெட்ட வடிவங்களைச் சுமப்பவர்களை மட்டும் பிரித்தெடுத்து, மற்றப் பருமனானவர்களோடு ஒப்பிட்டு, கட்டுமீறிய உண்ணல் அவர்களின் தனி அடையாளம் அல்ல என்று 2004-இல் ஜெர்மானியக் குழு எழுதியது. மேலே சொன்ன 769 பேரின் பிரெஞ்சு ஆய்வும் 2006-இல் அதையே சொன்னது. இவற்றை இக்கட்டுரை கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மறுபடி செய்து பார்த்தபோது கிடைக்கவில்லை என்பது ஒரு முடிவைப் பலவீனப்படுத்தும், ஆனால் வீழ்த்தாது. ஆதரிப்பவர் வேறு கருவி, வேறு நோயாளி என்று தப்பிக்கலாம். உள்முரண் இருப்பதாகக் காட்டினால் அந்தத் தப்பிப்புக்கு இடமில்லை.

இந்த முடிவு ஏன் இன்னும் சாகவில்லை? அது மருத்துவமனையில் பயன்பட்டது என்பதால் என்று நினைக்கிறேன். 2003 ஆய்வைச் செய்த அதே குழு 2004-இல் இரைப்பைப் பட்டை பொருத்திக்கொண்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, மாறுவடிவம் கொண்டவர்களின் சிகிச்சை விளைவு மோசம் என்று எழுதியது. அறுவைக்கு முன் மரபணுவைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது. எம்சி4ஆர் பழுது உள்ளவரும் இரைப்பை மாற்றுவழி அறுவைக்குப் பின் மற்றவர்களைப் போலவே இளைக்கிறார் என்று 2011-இல் வேறு குழு காட்டிய பிறகும், பழைய எண்ணம் சொற்பொழிவுகளில் ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன். தன் வசத்தில் இல்லாதவர் என்ற முத்திரை குத்தப்பட்ட நோயாளிக்கு அறுவை மறுக்கப்பட்டால், அதற்கு அடிப்படை இந்த 24-க்கு 24 தான்.

வகைப்பாட்டிலும் பழைய நிழல் தொடர்கிறது. மாறுவடிவங்களைத் தரம்பிரிக்க அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015-இல் வகுத்த ஐந்து படிகள் இன்று உலகெங்கும் ஆய்வுக்கூட அறிக்கைகளில் வழங்குகின்றன. நோய் விளைவிப்பது, விளைவிக்கக்கூடியது, பொருள் தெளிவில்லாதது, தீங்கற்றிருக்கக்கூடியது, தீங்கற்றது. காப்பதற்கு அங்கே படி இல்லை. 103-ஆம் இட வடிவம் ‘தீங்கற்றது’ என்ற கூண்டில் அடைபடுகிறது. ‘நடுநிலை’ என்ற பழைய பெயருக்கே வேறு சட்டை போட்டதுபோல. இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. லண்டனில் வாழும் இந்திய வழியினர் 2,684 பேரிடம் தொடங்கி 2008-இல் வெளியான ஆய்வு, எம்சி4ஆருக்கு அருகில் உள்ள ஒரு பொதுவான மாறுவடிவம் இரு பிரதிகளும் கொண்டவர்களின் இடுப்புச் சுற்றளவை ஏறத்தாழ 2 செ.மீ. கூட்டுகிறது என்றது. அது மரபணுவுக்கு அருகில் இருப்பது, அதனுள் இருப்பதல்ல, இரண்டு செ.மீ. பற்றியது, யானைத்தீ பற்றியதல்ல. பிரிஸ்டல் பகுதியில் பிறந்து வளர்ந்த 5,724 பேரில் 337 பேருக்கு ஒருவர் கொண்டிருந்த முடக்கும் வடிவத்தோடு அதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்: 18 வயதில் அவர்களின் எடை மற்றவர்களைவிடச் சராசரியாக 17.76 கிலோ அதிகம். இரண்டையும் ‘எம்சி4ஆர் மாற்றம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் 2003-இன் தவற்றை வேறு உருவில் திரும்பச் செய்கிறது.

ஒப்பீட்டுக் குழுவின் அந்த ஒருவரை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். பத்தியம் இருந்ததில்லை, குடும்பத்தில் பருமன் இல்லை, சராசரி பி.எம்.ஐ. 21.6 கொண்ட குழுவில் ஒருவர். அவரிடமும் ‘பிறழ்வு’ இருப்பதாக ஆய்வு பதிவுசெய்தது; பின்னர் இயல்பு எடையுள்ளோரின் உண்ணலைப் பற்றிப் பேசும்போது ‘பிறழ்வு இல்லாத’ என்ற அடைமொழியைச் சேர்த்து அவரை வெளியே நிறுத்திவிட்டது. அவரைத் தனியாக உட்காரவைத்து, அவருடைய ஏற்பி முடங்கியதா முடுக்கப்பட்டதா என்று முதலில் பார்த்திருந்தால், 469 பேரின் உண்ணும் பழக்கத்தைக் கேட்பதற்கு முன்பே பட்டியலின் தலைப்பு மாறியிருக்கும்.